பாஸ் பிடிக்கக் கரையா, கயாக்கா, மோட்டார் படகா?

கரையில் நின்று லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடித்துப் பழகியவர்களுக்கு இரண்டாவது வருடம் வாக்கில் ஒரு நமைச்சல் வரும். காலையிலிருந்து வீசி வீசித் தோள் வலிக்கும்; ஒன்றும் கடிக்காது. ஏரியின் நடுவில் ஒரு படகு நிற்கும். அதிலிருப்பவர் குனிந்து எதையோ தூக்குவார். மீனெல்லாம் அங்கேதான் இருக்கிறது, நாம்தான் இங்கே காற்று வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றும். அன்றிரவே கயாக் (துடுப்புப் போட்டு ஒருவர் போகும் ஒடுங்கிய சின்னப் படகு) விலை பார்க்க உட்கார்ந்துவிடுவோம். கொஞ்சம் கையிருப்பு உள்ளவர் என்றால் படகு விலை.

"கயாக் வாங்கட்டுமா, இல்லை இன்னும் கொஞ்சம் சேர்த்துப் படகாகவே வாங்கிவிடட்டுமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்றையும் நான் பார்த்தாகிவிட்டது. நான்கு வருடம் கரை, அப்புறம் கயாக், அப்புறம் மச்சானோடு பங்கு போட்டு வாங்கிய அலுமினியப் படகு. இப்போது படகு இல்லை, கயாக் இருக்கிறது. ஆனால் வருடக் கணக்கில் பார்த்தால் நான் பிடிக்கும் பாஸில் பாதிக்கு மேல் இன்னும் கரையிலிருந்துதான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது இல்லையா, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலைச் சீட்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. நான் ஐந்து கேள்விகள் வைத்துக்கொள்கிறேன்.

மீன் இருக்கும் இடத்தை எட்ட முடிகிறதா என்பது முதல் கேள்வி. எட்டிய இடத்தில் அசையாமல் நின்று, வேண்டிய கோணத்தில் வீச முடிகிறதா என்பது இரண்டாவது. வாங்கும்போது இதை அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் கேள்வியைவிட இதுதான் பெரியது. மூன்றாவது, வீட்டைவிட்டுக் கிளம்பித் திரும்பும் ஐந்து மணி நேரத்தில் லூர் (போலி இரை) தண்ணீருக்குள் இருக்கும் நேரம் எவ்வளவு. நான்காவது, வாங்கிய பிறகு தலைகாட்டும் செலவுகள். ஐந்தாவது, ஏதாவது தப்பாகப் போனால் என்ன ஆகும்.

## முதலில், மீன் எங்கே இருக்கிறது

இது தெரியாமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. பாஸ் நெடுந்தூரம் துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை, ஒளிந்திருந்து பாய்கிற மீன். பக்கத்தில் வந்த சிறுமீனை வாய் திறந்த வேகத்தில் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அதனால் அதற்கு இரண்டு வேண்டும்: ஒளிய ஓர் இடம், அருகிலேயே இரை. விழுந்து கிடக்கும் மரம், அல்லி இலைக் கூட்டம், படகுத்துறையின் நிழல், நீர்ச்செடி முடிந்து வெறுந்தரை தொடங்கும் விளிம்பு, கரை மூக்கு நீட்டித் தண்ணீருக்குள் சரிந்து இறங்கும் முனை. ஏரி எவ்வளவு பெரியதானாலும் இந்த மாதிரி இடங்கள் கொஞ்சம்தான். மீதித் தண்ணீரில் பெரும்பகுதி காலி.

பருவம் மாறும்போது இந்த இடங்களுக்குள்ளேயே மீன் இடம் மாறும். வசந்தத்தில் தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டி 20-ஐ நெருங்கும்போது ஆண் மீன்கள் முழங்கால், இடுப்பு ஆழத்துக்கு வந்து வாலால் தரையைத் துடைத்துக் கூடு அமைக்கும். தெளிந்த தண்ணீரில் அந்த வெளுத்த வட்டம் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். (கூட்டைக் காக்கும் ஆண் மீனைத் தூக்கினால் புளூகில் போன்ற சின்ன மீன்கள் முட்டைக்குப் பாய்ந்துவிடும். அந்த வாரங்களில் கூட்டின் மேல் நிற்கிற மீனை நான் சீண்டுவதில்லை. பிடிப்பதாக இருந்தால் உடனே அதே இடத்தில் விட்டுவிட வேண்டும்.)

கோடையில் ஆழமான ஏரிகளில் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே வெதுவெதுப்பு, அடியில் குளிர்ச்சி. அடியிலுள்ள அடுக்கில் நாளாக ஆக ஆக்சிஜன் குறையும். ஆகவே ரொம்ப ஆழத்திலும் மீன் தங்காது. ஒரு பகுதி மீன் மூன்று முதல் ஆறு மீட்டர் ஆழத்தில் செடி விளிம்புகளிலும் தண்ணீருக்கடியில் உள்ள மேடுகளிலும் நிற்கும். இன்னொரு பகுதி கரையோர அல்லிக் கூட்டத்தின் நிழலைவிட்டு நகராது. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் இரண்டு கூட்டமும் ஓரத்துக்கு வரும். இலையுதிர் காலத்தில் சிறுமீன் கூட்டம் ஏரியின் கிளைகளுக்குள் நுழையும், பாஸ் பின்னாலேயே போகும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் மீன் மந்தமாகி, ஆழம் செங்குத்தாக இறங்கும் இடங்களில் ஒதுங்கும்.

ஆக, நடுக்கோடைப் பகலும் குளிர்காலமும் தவிர்த்து மற்ற நாட்களில் வீச்சுத் தூரத்தில் மீன் இருக்கிறது. நீங்கள் பொறாமையோடு பார்த்த அந்தப் படகுக்காரரைக் கவனித்துப் பாருங்கள், பல நாள் அவர் கரையை நோக்கித்தான் வீசிக்கொண்டிருப்பார்.

## கரை

கரைக்காரருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரம், கரையை ஒட்டியே வீச முடிவது. படகிலிருந்து கரையைப் பார்த்து வீசுகிறவரின் லூர் ஓரத் தண்ணீரில் இருப்பது முதல் இரண்டு மூன்று மீட்டர் மட்டும்தான். அப்புறம் ஆழத்துக்கு மேலே சும்மா நீந்தி வரும். நீங்கள் விளிம்பிலிருந்து ஓரிரு எட்டு தள்ளி நின்று, கரைக்கு இணையாக இருபத்தைந்து மீட்டர் வீசினால் அந்த இருபத்தைந்து மீட்டரும் மீன் இருக்கக்கூடிய தண்ணீர்.

முதல் வருடம் முழுக்க நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். நேரே விளிம்புவரை நடந்து போய் நின்று, தோள் கழலும்படி தூரமாக வீசுவது. ஒருநாள் வெயில் ஏறுவதற்கு முன், சரளையில் ஷூ கரகரவென்று அரைபட நடந்து போய் நின்றேன். காலடியில், ஒரு முழ ஆழத்தில், தொங்கும் புல்லுக்கு அடியிலிருந்து பச்சையாக ஒரு முதுகு திரும்பியது. விலாவில் தலையிலிருந்து வால்வரை ஓடும் அந்தக் கறுப்புப் பட்டை ஒரு நொடி தெரிந்தது. அடுத்த நொடி அந்த இடத்தில் ஒரு கை அளவு சேறு புகைபோல எழுந்து நின்றது. மீன் இல்லை. இரண்டு கிலோ இருக்கும். (ஓடிப்போன மீன் எப்போதும் இரண்டு கிலோதான்.) பாஸ் தன் பக்கக்கோட்டால் (விலாவில் ஓடும் உணர் உறுப்பு) அதிர்வை உணரும், நம் நடை அதற்கு மேளச் சத்தம். அன்றிலிருந்து விளிம்பை நெருங்குவதற்கு முன்பே முதல் வீச்சு ஓரத்துக்குத்தான்.

நிலையாக நிற்பதில் கரையை அடிக்க ஆளே இல்லை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஐந்து அங்குல ரப்பர் புழு ஒன்றை நடுவில் ஹூக் குத்தி, எடை எதுவும் சேர்க்காமல் போடும் வாக்கி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் நடுங்க நடுங்க அது மெல்ல இறங்கும். கடி பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான் வரும், அதுவும் தூண்டில் நரம்பில் ஒரு சின்னச் சுண்டலாக மட்டும். காலுக்குக் கீழே தரை அசைந்துகொண்டிருந்தால் அந்தச் சுண்டல் தெரியாது. மந்தமான மீனை மெதுவான லூரால் மயக்க வேண்டிய நாட்களில், அசையாத கால் என்பது இன்னொரு ராடுக்கு (தூண்டில் கோலுக்கு) சமம்.

நேரக் கணக்கிலும் கரைதான் முதல். கார் கதவைச் சாத்திய ஐந்தாவது நிமிடம் லூர் தண்ணீரில். வேலை முடிந்து ஒரு மணி நேர வெளிச்சம் மிச்சமிருந்தாலும் போய்வரலாம். ஏழடி ராட் ஒன்று, வாக்கிப் புழு, முள்ளைப் புழுவின் உடம்பிலேயே புதைத்துக் கட்டும் டெக்சாஸ் ரிக், சுழலும் தகடு வைத்த ஸ்பின்னர்பெய்ட் லூர் ஒன்று போதும். அல்லி இருந்தால் ரப்பர் தவளை ஒன்றும், அதற்குத் தடித்த பிரெய்டு (பின்னிய) நரம்பும்.

சரி, மறைந்திருக்கும் செலவு? அறுந்துபோகும் லூர்கள். கரையிலிருந்து இழுக்கும்போது லூர் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறி வருகிறது. ஒவ்வொரு கல்லின் முகத்திலும் முட்டிக்கொண்டே வரும். மாட்டினால் அந்தப் பக்கம் போய் எடுக்க வழியில்லை. நான் அறுத்துவிட்ட கிராங்க்பெய்ட்களின் (இழுத்தால் முங்கி நீந்தும் மீன் வடிவ லூர்கள்) காசில் நல்ல துடுப்பே ஒன்று வாங்கியிருக்கலாம். இரண்டாவது செலவு, மிதிபட்ட கரை. வாகனம் நிறுத்தும் இடத்துக்கு நேரே இருக்கும் நூறு மீட்டரில் எல்லோரும் நிற்பார்கள். அங்கே இருக்கும் மீன்கள் எல்லா லூரையும் பார்த்துச் சலித்தவை. இருபது நிமிடம் நடந்தால் கதை மாறும், நடக்கக் கரை இருந்தால். நாணல் அடைத்த கரையும் தனியார் நிலமும் குறுக்கே வந்தால் இந்த முறையின் கதவு அத்தோடு சாத்தியாகிவிட்டது.

## கயாக்

கயாக் முதன்மையாகத் தருவது நெருக்கம். ஒரு சாண் தண்ணீர் இருந்தால் போகும். எஞ்சின் சத்தம் இல்லை. கரையிலிருந்தும் எட்டாத, மோட்டார் படகாலும் நுழைய முடியாத ஒரு தண்ணீர் எல்லா ஏரியிலும் உண்டு: அல்லிக் கூட்டத்தின் உள்பக்கம், பட்டுப்போன மரங்கள் நிற்கும் வாய்க்கால், பாலத்துக்கு அப்பாலிருக்கும் குட்டை. அங்கே தவளை லூரை இலைமேல் தத்தித் தத்தி இழுத்து, இலைகளுக்கு இடையிலுள்ள ஓட்டையில் ஒரு நொடி நிறுத்தினால் தண்ணீர் வெடிக்கும். அந்த வெடிப்பைப் பார்த்ததும் ராடைச் சுண்டிவிடாமல் ஒரு மூச்சு பொறுக்க வேண்டும்; தவளை வாய்க்குள் போயிருக்காது. இதை எழுதுவது சுலபம், கை கேட்பதில்லை.

அதே நேரம் இரண்டாவது கேள்வியில் மூன்றிலும் கடைசி இடம் கயாக்குக்குத்தான். கரையில் நிற்பவருக்கு இதமான தென்றலாகத் தெரியும் காற்று, கயாக்கில் இன்னொரு ஆள் ஏறி உட்கார்ந்து எதிர்ப்பக்கமாகத் துடுப்புப் போடுவது மாதிரி. ஒரு வீச்சு வீசிப் புழு தரை தொடுவதற்குள் நீங்கள் நாலைந்து மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். அதைச் சரிசெய்ய ராடை மடியில் வைத்துத் துடுப்பை எடுத்தால் நரம்பு தளரும். அந்த நேரம் பார்த்துத்தான் மீன் எடுக்கும். இதனால் கயாக்கில் ஏறியவர்கள் தங்களுக்கே தெரியாமல் வேகமான லூர்களுக்கு மாறிவிடுகிறார்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் போதும் என்பதால் ஸ்பின்னர்பெய்ட்டைக் கட்டிவிட்டு நாள் முழுக்க அதிலேயே இருப்பார்கள். மீன் மெதுவான இரையைக் கேட்கும் நாளில் வெறுங்கை.

இதற்கு மருந்து மூன்று உண்டு. செடிக் கூட்டத்துக்குள் முனையைச் செருகிவிடுவது. செடியே பிடித்துக்கொள்ளும், இதுதான் இருப்பதிலேயே நல்ல நங்கூரம். ஆழமில்லாத இடத்தில் நீளக் கம்பு ஒன்றை ஊன்றிக் கட்டிக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது நங்கூரம், இங்கேதான் எச்சரிக்கை. காற்றில் நங்கூரக் கயிற்றைப் பக்கவாட்டில் கட்டக் கூடாது. நங்கூரக் கயிற்றை முன் முனைக்கோ பின் முனைக்கோ இழுத்துச் செல்லும் கயிற்று வளையம் ஒன்று வைத்து, அதில்தான் கட்ட வேண்டும். நான் இருக்கைக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு மதியம், காற்று திரும்பியது. கயிறு விறைத்தது, அந்தப் பக்க விளிம்பு கீழே போனது, தண்ணீர் மடியில் ஏறியது. கத்தி கையெட்டும் இடத்தில் இருந்ததால் கயிற்றை அறுத்தேன். ராடு இரண்டு போயிற்று. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் ராடோடு போயிற்று என்று சொல்கிறேன்.

காலால் மிதிக்கும் கயாக் இந்தக் குறையைப் பெரிதும் சரிசெய்யும். கை இரண்டும் ராடுக்கு, கால் காற்றுக்கு. ஆனால் விலை சாதாரணக் கயாக்கைப் போல் சில மடங்கு; செடி நிறைந்த தண்ணீரில் அடியில் சுற்றிக்கொள்ளும்; எந்த ஒரு சாண் தண்ணீருக்காகக் கயாக் வாங்கினீர்களோ அங்கே மிதி இறங்காது.

மறைந்த செலவில் முதலில் எடை. மீன்பிடிக் கயாக்குகள் பல 30 கிலோவிலிருந்து 50 கிலோவரை இருக்கும். கார் மேலே ஏற்ற ரேக், கரைவரை உருட்ட வண்டி, வீட்டில் வைக்க மூன்றரை மீட்டர் சுவர். குளிர்ந்த தண்ணீருக்கான உடை இன்னொன்று, அதைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பார்கள். வசந்தத்தின் முதல் வெயிலில் காற்று இதமாக இருக்கும், தண்ணீர் 10 டிகிரியில் கிடக்கும். உடுப்பது தண்ணீருக்கு ஏற்றபடி இருக்க வேண்டும், வெயிலுக்கு ஏற்றபடி அல்ல. நேரக் கணக்கில் ஏற்றி இறக்கிக் கட்டி அவிழ்ப்பதற்கு ஐந்து மணியில் ஒன்றே கால் மணி போய்விடும் என்பது என் அனுபவம்.

## மோட்டார் படகு

படகுக்காரர்கள் வேகத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்குப் படகில் பிடித்தது பெரிய எஞ்சின் இல்லை, முன்னால் தொங்கும் மின்சார டிரோலிங் மோட்டார், படகைச் சத்தமில்லாமல் மெல்ல நகர்த்தும் சின்ன மோட்டார். ஜிபிஎஸ் நங்கூரம் உள்ள மோட்டார் என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், காற்றுக்கு எதிராகத் தானே திரும்பித் திரும்பி ஒரே இடத்தில் படகைப் பிடித்து வைக்கும். கரையிலிருந்து எண்பது மீட்டர் தள்ளி, நாலு மீட்டர் ஆழத்தில் ஒரு பாறை மேடு. அதற்குக் கீழ்க்காற்றில் நின்று ஜிக்கை (தலையில் எடை வைத்த லூர்) மெல்லத் தரையில் இழுத்து, கல்லைத் தொட்டு ஏறி இறங்குவதைக் கையில் உணரலாம். இதைக் கரையாலும் செய்ய முடியாது, கயாக்காலும் சுலபத்தில் முடியாது. நடுக்கோடைப் பகலுக்கும் குளிர்காலத்துக்கும் படகுதான் பதில். பொறுமையாகப் பார்த்தால், படகுக்குக் கொடுக்கும் காசில் நான் வாங்கியது தூரத்தை இல்லை, தூரத்தில் போய் அசையாமல் நிற்பதை.

கூடவே சோனார், ஒலி அலையால் தண்ணீருக்கடியைப் படம் பிடிக்கும் கருவி. கீழே தரை கல்லா சேறா, செடி எங்கே முடிகிறது, சிறுமீன் எந்த ஆழத்தில் மேகமாக நிற்கிறது என்று காட்டும். 2018-இல் கார்மின் லைவ்ஸ்கோப் என்ற நேரலைச் சோனார் வந்ததிலிருந்து, முன்னால் நீந்தும் மீனும் அதன்முன் விழும் லூரும் ஒரே திரையில் நகர்வதைப் பார்க்கலாம். பார்ப்பது வேறு, கடிக்க வைப்பது வேறு. திரையில் மீன் லூரின் பின்னாலேயே வந்து வந்து முகம் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்தபடி மச்சான் ஒரு முழுக் காலையும் தொலைத்திருக்கிறார். சோனாரைக் கயாக்கிலும் பொருத்தலாம். அதனால் அதற்காக மட்டும் படகு வாங்க வேண்டியதில்லை.

செலவு என்று வந்தால் படகின் விலை முதல் தவணை, அவ்வளவுதான். டிரெய்லர், அதன் டயர், சக்கர பேரிங். இழுக்கத் தெம்புள்ள வண்டி. நிறுத்த இடம், பதிவு, காப்பீடு. டிரோலிங் மோட்டாருக்கு ஒன்றிலிருந்து மூன்றுவரை பேட்டரி. ஈய பேட்டரி ஒன்றே இருபது முப்பது கிலோ, சில வருடத்தில் மாற்ற வேண்டும். பனி உறையும் ஊரானால் குளிருக்கு முன் எஞ்சினிலிருந்து தண்ணீரை வடித்துத் தயார் செய்யும் வேலை. ஜீப்ரா சிப்பி போன்ற அந்நிய உயிர்கள் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குத் தொற்றாமலிருக்க ஒவ்வொரு முறையும் படகைக் கழுவி, தேங்கிய தண்ணீரை வடித்து, உலரவிட வேண்டும். இதில் கயாக்குக்கும் விலக்கில்லை, படகில் வேலை அதிகம்.

அப்புறம் சின்னச் சின்ன அவமானங்கள். படகை இறக்கும் சரிவில் பின்னால் நாலு வண்டி காத்திருக்கும்போது டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டுவது ஒரு தனிக் கலை. முதல் வருடம் ஒரு விடியற்காலையில் நானும் மச்சானும் படகை இறக்கி, கயிற்றைக் கட்டி, வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் லூர்ப் பெட்டி படகுக்குள் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் வடிக்கும் ஓட்டைக்கு அடைப்பான் போடவில்லை. அடைப்பான் என் சட்டைப் பையில்.

பெட்ரோல் எஞ்சினுக்குத் தடை உள்ள ஏரிகள் நிறைய, குறிப்பாகக் குடிநீருக்கான நீர்த்தேக்கங்கள். சில ஏரிகளில் படகே கூடாது. உங்கள் பக்கத்து ஏரி இந்த வகை என்றால் இந்தப் பகுதி முழுவதையும் தாண்டிப் போய்விடலாம்.

பாஸ் என்றாலே பெரிய படகு என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். உலகச் சாதனையான 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸை, அதாவது பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஜார்ஜ் பெர்ரி 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிடித்தார். இடம் மான்ட்கோமெரி ஏரி, ஆறு தடம் மாறியபோது துண்டாகி நின்ற தண்ணீர். படகு, கையால் அடித்துச் செய்த சின்னப் படகு. அந்த எடையை இன்னொருவர் தொட 77 வருடம் ஆனது. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல். முறியடித்ததாகக் கணக்கிட இரண்டு அவுன்ஸாவது கூட வேண்டும் என்பது சர்வதேச கேம் ஃபிஷ் சங்கத்தின் விதி. அதனால் இருவரும் சமம்.

## இடைப்பட்ட வழிகள்

வாடகைப் படகு கிடைக்கும் ஏரி என்றால் வருடத்துக்கு ஐந்தாறு நாள் வாடகை கொடுப்பது சொந்தப் படகின் பேட்டரிச் செலவைவிடக் குறைவாகக்கூட இருக்கும். இடுப்பில் மாட்டிக்கொண்டு காலால் துழாவிப் போகும் மிதவை இருக்கை சின்னக் குளங்களுக்கு அருமை, பெரிய ஏரிக்கு வேண்டாம். நண்பரின் படகில் பின் இருக்கை கிடைத்தால் போங்கள். முன்னால் நிற்பவர் வீசிவிட்ட தண்ணீர்தான் உங்களுக்கு வரும், ஆனால் ஏரியின் அடித்தரை எப்படி இருக்கிறது என்று இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம். நான் கரையிலிருந்து இன்றும் வீசும் இரண்டு இடங்கள் அப்படி ஒரு பின் இருக்கையிலிருந்து பார்த்து வைத்தவை.

## ஒரே பார்வையில்

| | கரை | கயாக் | மோட்டார் படகு |
|---|---|---|---|
| எட்டும் தண்ணீர் | ஓரம் மட்டும், நடக்க வழி இருக்கும்வரை | செடிக்குள், குட்டைக்குள், நடுத்தர ஏரி முழுக்க | ஆழமும் பெரிய ஏரியும். அடர்ந்த செடிக்குள் நுழையாது |
| நிலையாக நிற்பது | முழுமையாக | காற்று இல்லாதவரை | டிரோலிங் மோட்டார் இருந்தால் நன்றாக |
| 5 மணி நேரத்தில் லூர் தண்ணீரில் இருப்பது (என் கணக்கு) | 4½ மணி | 3½ மணி | 3 முதல் 3½ மணி |
| மறைந்த செலவு | அறுந்த லூர், மிதிபட்ட கரை | ரேக், வண்டி, குளிர் உடை, முதுகு | டிரெய்லர், பேட்டரி, காப்பீடு, நிறுத்துமிடம் |
| தப்பாகப் போனால் | கால் நனையும் | கவிழும். குளிரில் உயிருக்கு ஆபத்து | நடு ஏரியில் எஞ்சின் நிற்கும். வேகத்தில் மோதல் |
| கூட ஓர் ஆள் | எத்தனை பேரும் | இல்லை | இரண்டு மூன்று பேர் |

## யாருக்கு எது

வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், இதுதான் உங்களுக்குக் கிடைக்கும் என்றால் கரையைவிட்டு நகராதீர்கள். வாங்கிய கயாக் சுவரோடு நிற்கும். பையனையோ பெண்ணையோ முதல்முறையாக அழைத்துப் போகிறீர்கள் என்றாலும் கரைதான். அவர்களுக்குச் சலிப்பு வந்த நிமிடம் கிளம்பிவிடலாம்.

கரை முழுக்க நாணல், ஏரி நடுத்தரம், நீங்கள் தனி ஆள், சனிக்கிழமை விடியற்காலை எழுந்துவிடுவீர்கள், நீச்சல் தெரியும்: கயாக். காற்று கிளம்புமுன் கரைக்கு வந்துவிட வேண்டும் என்பதை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்கும் பத்துப் பேரில் ஆறேழு பேர் இந்த வகைதான், அவர்களுக்கு நான் மிதி இல்லாத எளிய கயாக்கைத்தான் சொல்வேன்.

படகு, பெரிய ஏரிக்கு அருகில் இருப்பவருக்கு, வருடத்தில் நாற்பது நாளாவது போகிறவருக்கு, கூட வர நிலையான ஒரு ஆள் உள்ளவருக்கு. கடைசி நிபந்தனையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மச்சானுக்கு வேறு ஊருக்கு மாற்றலானதும் எங்கள் படகு ஒரு கோடை முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. தனி ஆளாக இறக்கி ஏற்றுவது முடியாத காரியம் இல்லை. ஆனால் முடியும் என்பதும் போகத் தோன்றும் என்பதும் வேறு வேறு. கடைசியில் விற்றுவிட்டோம்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால் பழையதைப் பாருங்கள், கயாக்கானாலும் படகானாலும். பழைய கயாக்கில் தண்ணீர் வடியும் துளைகளைச் சுற்றியும் அடிப்பக்கப் பின்முனையிலும் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். இருக்கை பொருந்தும் இடத்தில் ஆணி ஆடுகிறதா பாருங்கள். பழைய படகில் எஞ்சின் தொங்கும் பின்பலகை முக்கியம். எஞ்சினைத் தூக்கிய நிலையில் அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பலகை வளைந்தால் உள்ளே மரம் மக்கியிருக்கும். பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். கயாக் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு முழு நாள் மீன்பிடித்துவிட்டு, அந்த அலுப்போடு, மாலையில் பார்க்கப் போங்கள். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் கார் மேலே ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள்.